பதினேழாம் எண்

ஹில்லத் மீரானில் அறுபத்திரண்டு மீட்டர்கள்.
எட்டாம் தேதி காலை ஸஹமிலிருந்து வரும் வேன்
பள்ளிவாசல் சுவரோரம் என்னை இறக்கிவிடும்.
கையில் கருவி, கழுத்தில் அட்டை,
முதுகில் அதற்குள் நனைந்துவிட்ட சட்டை.

முதல் எண் ஷாதாத் வீடு.
"ஒன்று ஏன் எங்களுக்கு என்று தெரியுமா?"
மாதம் தவறாமல் கேட்பார்.
தெரியாது என்று மாதம் தவறாமல் சொல்வேன்.
பஞ்ச வருஷத்தில் குவாதரிலிருந்து ஏழு படகுகளாம்,
முதலில் மணலைத் தொட்டது அவர் பாட்டனுடையதாம்.
போன வருஷம் ஐந்து படகுகள்தான் இருந்தன.

நாலாம் எண்ணில் லால் பக்‌ஷ் கையை உதறுவார்:
படகாவது மண்ணாவது,
கோட்டைக்குத் துப்பாக்கி தூக்க வந்தவர்கள் நாங்கள்.
சம்பள பாக்கி வரட்டும் என்று காத்திருந்தோம்.
காத்திருந்த இடம் ஊராகிவிட்டது.

இருபத்தொன்பதில் கதை கிடையாது.
"பிறந்தோம், இருக்கிறோம். யூனிட் எவ்வளவு?"

ஒருநாள் அலுவலகத்தில் ஒழுகிய கூரைக்கடியில்
பழைய இணைப்புப் பதிவேட்டை நகர்த்திவைக்கச் சொன்னார்கள்.
ஊருக்குக் கரண்டு வந்த வருஷம், நீல மை, யாரோ ஒரு மேஸ்திரி:
"கம்பம் கடற்பக்கமிருந்து தொடக்கம்.
காரணம், ஆட்களுக்கு அங்கேதான் நிழல்."
அவ்வளவுதான்.
ஷாதாதிடம் இதைச் சொல்லவில்லை.
சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது?

பதினேழு, மாஹ்கஞ்ச்.
இணைப்பு தில்முராத் சாக்கர் பெயரில்.
முப்பது வருஷமாக இறந்த மனிதருக்கு பில் போகிறது,
அவரும் ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை.
"பெயரை மாற்றிவிடலாமே, ஒரு படிவம்தான்" என்றேன்.
உடைந்த உருதுவில் நான், முழு உருதுவில் அவர்:
"மாற்றினால் வாரிசு கேட்பீர்கள்.
கேட்டால் பஹ்ரைனிலிருந்து மூன்று பேர் வருவார்கள்,
சுவருக்கு நடுவே கோடு போடுவார்கள்.
செத்தவர் பெயரிலேயே இருக்கட்டும்,
அவருக்குப் பிரிக்கத் தெரியாது."

பிறகு மோர் கொடுத்தார். உப்பு தூக்கல்.
உன் ஊர்? கூடலூர்.
அதற்கு முன்? இலங்கை, தேயிலைத் தோட்டம்.
அதற்கும் முன்?
துறையூர்ப் பக்கம் என்பார்கள், போய்ப் பார்த்ததில்லை.
அங்கெல்லாம் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?
இலங்கையில் இந்தியாக்காரன்,
கூடலூரில் சிலோன்காரன்.
மாஹ்கஞ்ச் சிரித்ததில் கைத்தம்ளர் அலம்பியது.
"எங்களை இங்கே பலூச்சி என்பார்கள்.
கராச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனேன்,
மஸ்கட்காரி வந்திருக்கிறாள் என்று
நாற்காலி போட்டார்கள்."

ஊருக்கு வரலாறு எழுத யாரோ வரப்போவதாகப் பேச்சு.
வரட்டும்.
என்னிடம் இருப்பது இவ்வளவே:
எந்த வீட்டில் பிரசவம் நடந்ததென்று தெரியும்,
குளிர்காலத்திலும் யூனிட் இறங்காது.
எந்த வீட்டில் சண்டை என்று தெரியும்,
ஒரே கூரையில் இரண்டு ஃப்ரிட்ஜ் ஓடும்.
முப்பத்தைந்தாம் எண்ணில் பையன் கத்தாருக்குப் போன மாதம்
பாதியாக விழுந்தது கணக்கு.
அந்த அம்மா ஏசியைத் தொடவேயில்லை போல.

நாற்பத்தொன்று பூட்டிக் கிடக்கிறது.
நாஸ்போவின் வீடு, அவள் போய்ப் பதினோரு வருஷம்.
8812, 8812, 8812 என்று எழுதி
கை அதைத் தானாகவே எழுதப் பழகியிருந்தது.
இந்த மாதம் 8815.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.
மூன்று யூனிட் என்றால் ஒரு ஏசி, ஒரு இரவு.
வாசற்படியில் பேரீச்சங்கொட்டைகள் நான்கு,
ஒன்று இன்னும் ஈரம்.

பதினேழுக்குத் திரும்பிப்போய்க் கேட்டேன்.
மாஹ்கஞ்ச் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே
"காற்றாக இருக்கும்" என்றார்.

கருவி கேட்கிறது: வீட்டில் ஆள் உண்டா?
ஆம், இல்லை, இரண்டே பொத்தான்.
வெயில் திரையில் அடித்து எதுவும் தெரியவில்லை.
உத்தேசமாக ஒன்றை அழுத்திவிட்டு
நாற்பத்திரண்டுக்கு நடந்தேன்.
அங்கே மீட்டர் பெட்டிமேல் ஆடு ஏறி நின்றிருந்தது,
இறங்க மாட்டேன் என்றது.